தவிட்டுக்குக் கொடுத்த தங்கை

என் வயதை ஒத்தவர்களே,

மாலைப் பூசை முடிந்து, திருநீறு வாங்கிக்கொண்டு, கோயில் மண்டபத்துத் தூணோரம் நாம் அமர்ந்து பேசும்போது, ஒருவர் தொடங்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கதையை மற்றொருவர் முடித்துவிடலாம். விடியலில் ஒரே தப்பொலிக்கு எழுந்தவர்கள் நாம். ஒரே பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறியவர்கள். ஆனால் என் குடும்பம் லயத்து வரிசை வீட்டை விட்டு வெளியேறி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் பத்தனையில் தனியே குடியிருந்ததை உங்களில் எவரும் அறியமாட்டீர்கள். நான் சொன்னதில்லை. சொன்னால் என் தாயைத் தவறாக நினைப்பீர்கள் என்ற அச்சம் இருந்தது. நானே நெடுங்காலம் அவளைத் தவறாகத்தான் நினைத்திருந்தேன்.

நுவரெலியாவுக்கு மேலே, தேயிலை முடியும் இடத்துக்கும் காடு தொடங்கும் இடத்துக்கும் நடுவே மரமில்லாத புல்மலைகள் கிடக்கின்றன. அவற்றையே பத்தனை என்கிறோம். தொலைவிலிருந்து பார்த்தால் சீவி விட்ட தலைமயிரைப் போல் மென்மையாகத் தெரியும். உள்ளே புகுந்தால் மானாப்புல். ஆளை மறைக்கும் உயரம். தொட்டால் அறுக்கும் ஓரம். காற்று எழும் நாட்களில் மலை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். பகலெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்டவர்களுக்கு மாலையில் வாய் திறந்து பேசவே மனம் வராது.

என் தந்தை கலகக்காரர் அல்லர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கை தேர்ந்தவர். லயத்துப் பஜனையில் முதற்குரல் அவருடையது. பதிகங்களைப் பண்ணோடு பாடுவார். எழுதப் படிக்க அறியாதவர் எனினும், நூற்றுக்கணக்கான பாடல்கள் அவர் நெஞ்சில் இருந்தன. இன்று என் நாவில் நிற்கும் பாடல்கள் அனைத்தும் அவர் மண்வெட்டியோடு நின்று பாடக் கேட்டவையே.

டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த, நானா என்று நாங்கள் அழைத்த முஸ்லிம் பெரியவருக்கு அந்தப் பத்தனையில் ஒரு பகுதி சொந்தமாக இருந்தது. அது சும்மா கிடந்தது. ஒருநாள் கடைக்குப் போயிருந்த தந்தையிடம் அவர் பேச்சை எடுத்தார். நானும் அருகில் நின்றேன்.

"புல்லு மொளக்கிற மண்ணுல கோவா மொளக்காதுனு ஆரு தம்பி சொன்ன? நீங்க கைய வைங்க. மூணு வருசம் குடியிருந்து வெளச்சல் காட்டுங்க. அந்தத் துண்டு ஒங்களுக்குத்தான். உறுதி எழுதித் தாறேன், அல்லா மேல ஆணை. மரக்கறிய மட்டும் நம்ம கடைக்கே போட்டுருங்க."

"நெசமாவா நானா?"

"பொய் சொல்லி நான் ஏன் தம்பி பாவத்த ஏத்திக்கிறன்?"

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நல்லவர்கள் இருவர் பேசிக்கொண்டால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

மறுவாரம் பிரட்டுக்களத்தில் தந்தை தம் பெயரையும் தாயின் பெயரையும் தோட்டத்துப் பதிவிலிருந்து எடுக்கச் சொன்னார். மேற்பார்வையாளரான கண்டாக்கையா பேரேட்டை மூடாமல் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா, தொரையாகப் போறியா? பேர வெட்டுனா வெட்டுனதுதான். நாளைக்கு வந்து கால புடிக்கக் கூடாது."

"புடிக்கணும்னா மேல ஒருத்தன் கால் இருக்குங்கய்யா."

களம் முழுவதும் சிரித்தது. கண்டாக்கையா பேனாவை அழுத்திக் கோடிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. பெருமையாக இருந்தது. நாடு சுதந்திரம் பெற்றிருந்த புதிது. நாங்களும் அடைந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வயிற்றில் அப்போது பிள்ளை இருந்தது.

எனக்குப் பின் அவளுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து இறந்தன. இரண்டுமே, தோட்டத்துக் கிளாக்கர் வந்து பிறப்பை எழுதிக்கொண்டு போன மூன்றாம் நாள், நான்காம் நாள் போயின. லயத்து அறையின் ஈரமும் புகையும் காரணமென்று இன்று நான் சொல்வேன். தாய்க்குக் காரணம் வேறாகத் தெரிந்தது. எழுத்தில் ஏறாதவரை கூற்றுவனுக்குக் குழந்தை இருப்பதே தெரியாது, எழுதியதும் படித்துவிடுகிறான். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

பத்தனைக்குப் போன முதல் மாதம் நாங்கள் புல்லோடு மட்டுமே போராடினோம். மானாப்புல்லின் வேரை மண்வெட்டி ஏற்காது. அலவாங்குக் கடப்பாரையால் நெம்பி, கையால் பிடுங்கி, கொழுந்துக் கூடையில் அள்ளிப் போட்டு ஓரத்தில் குவிப்போம். தாய் மசக்கையோடு குந்தியிருந்து வேரை உதறுவாள். மண் கறுப்பாக, எண்ணெய் பிசுக்கோடு இருந்தது. தந்தை ஒரு பிடியை முகர்ந்து பார்த்து, "இதுல போட்டா கல்லும் மொளக்கும் புள்ள" என்றார். பழக்கத்தால் தேயிலைக்கு வெட்டுவது போலவே மலைக்குக் குறுக்கே சாய்வாகக் கான் என்னும் வடிகால் வெட்டினார். அது ஒன்றுதான் பெருமழையில் எங்கள் மண்ணைக் காத்தது.

வீடு என்பது மண்சுவர் எழுப்பிய இரண்டு அறைகள். மேலே மானாப்புல் வேய்ந்து, காற்று வீசும் பக்கம் மட்டும் தகரம். தேயிலைப் பெட்டிப் பலகையால் தந்தை ஒரு தொட்டில் செய்து வைத்திருந்தார். உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தாளை உரிக்காமல் விட்டிருந்தார். குளிருக்கு நல்லது என்றார். அந்தத் தொட்டிலுக்குள் தலையை விட்டால் காய்ந்த தேயிலை வாசம் வரும். அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

எங்களுக்குப் பக்கத்துக் குடி ஒன்றே ஒன்று. கூப்பிடு தூரத்தில், சரிவுக்கு அப்பால், ஒரு சிங்களக் குடும்பம் மாடு வளர்த்தது. கணவன், மனைவி இருவரே. பிள்ளைகள் இல்லை. நாங்கள் போன மூன்றாம் நாள் அந்தப் பெண் ஒரு சட்டி பாலோடு புல்லை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். மாட்டுக்கார அக்கா என்று நாங்கள் அவளை அழைத்தோம்.

"நங்கி, பயப்பட வாண்டாம். இந்த காத்து மனிசன சாப்பிடாது. சத்தம் மட்டும்தான் போடும்" என்றாள் என் தாயைப் பார்த்து. நங்கி என்றால் தங்கை. அவள் தமிழ் அவ்வளவுதான். என் தாய்க்குச் சிங்களம் அந்த அளவும் தெரியாது. இருந்தும் அடுப்படியில் அமர்ந்து மணிக்கணக்கில் பேசிக்கொள்வார்கள். எப்படி என்று நான் வியந்ததுண்டு.

முதற்பயிரை உறைபனி தின்றது. தை மாதத்து விடியல் ஒன்றில் வெளியே வந்தால் பத்தனை முழுவதும் வெள்ளை. நான் கைதட்டிக் குதித்தேன். வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குச் செடிகளெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல் கறுத்துச் சாய்ந்தன. தந்தை வரப்பில் அமர்ந்தார், பாடவில்லை. அன்று அவர் பாடாதிருந்தது எனக்குப் பயமாக இருந்தது. அதன்பின் சில மாதங்கள் நானாவின் கோதுமை மாவும் அக்காவின் பாலுமே எங்களைக் காத்தன. லயத்துக்குத் திரும்பலாமா என்று தாய் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் திரும்பியிருப்பார் என்று இன்று தோன்றுகிறது.

ஆனி மாதக் காற்றுமழையில், கூரைத் தகரம் படபடத்த ஒரு பிற்பகலில், என் தங்கை பிறந்தாள். தொப்புள்கொடியை அறுத்தவள் அக்கா. குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி அவள் நீட்டியபோது தாய் கை நீட்டவில்லை.

"அக்கா, புள்ள ஒனக்கு. எனக்குத் தவிடு குடு."

அக்காவுக்கு விளங்கவில்லை. நான்தான் என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அடுத்தடுத்துப் பிள்ளைகள் போன வீட்டில், பிறந்த குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வேறொருத்தி பிள்ளை என்று கூற்றுவன் ஏமாந்து போவான். ஏழு வயது நிறைந்ததும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அக்கா முதலில் சிரித்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மழையில் ஓடிப்போய், மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு பால் டின் நிறைய அள்ளி வந்தாள். தாய் அதை முந்தானையில் வாங்கினாள். அதன் பிறகே குழந்தையை, பால் கொடுக்கக் கடன் கேட்பவளைப் போல, அக்காவிடம் கேட்டு வாங்கினாள்.

தந்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, சின்னப் பையனுக்காகக் காலனையே ஒதச்ச கால் ஒண்ணு இருக்கு. தெனம் நான் பாடுறேன், நீ கேக்குற. அத நம்பாம ஒரு டின்னு தவிட்ட நம்புறியே."

"அந்தக் காலு ரெண்டு தடவ நம்ம லயத்துக்கு வரலீங்களே" என்றாள் தாய்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலை விட்டு இறங்கினார். இத்தனை காலம் பாடிப் பாடித் தழும்பேறிய என் நாவில் அவள் சொன்னது இன்றும் இடறுகிறது.

தாய் அதோடு நிறுத்தவில்லை. தவிடு மட்டும் போதாது. எழுத்திலும் அக்காவின் பெயரே வர வேண்டும் என்றாள். தந்தை அலுத்துப்போனார். "பேரு எந்தத் தாளுல இருந்தா என்ன? பால் குடிக்கிறது ஒங்கிட்டத்தானே? ஒம் மனசுக்குச் சரின்னா செஞ்சுக்க." அக்காவின் கணவர் வாய் அதிகம் பேசாத மனிதர். மனைவி சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கீழே இறங்கிப் போய், தங்களுக்குப் பெண் பிறந்ததாகப் பதிந்துவிட்டு வந்தார். தாளில் ஒரு சிங்களப் பூவின் பெயர். எங்கள் வீட்டில் அவள் தவிட்டம்மா.

அது குற்றம் என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரு குழந்தையை உயிரோடு வைத்திருக்க நான்கு பெரியவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது. அந்தத் தாளை அக்கா தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்தாள்.

குழந்தை இருந்தது. மூன்றாம் நாள் போயிற்று, நான்காம் நாள் போயிற்று, இருந்தது. நாற்பதாம் நாள் தாய் பொழுதெல்லாம் ஏதோ முணுமுணுத்தபடி வேலை செய்தாள். உற்றுக் கேட்டேன், தந்தையின் பதிகம். அடுத்த ஆண்டு மண் எங்களுக்குப் பணிந்தது. கோவா என்று நாம் சொல்லும் முட்டைக்கோசு இலை விரித்தது. லீக்ஸ் வரிசை வரிசையாக நின்றது. போஞ்சிக் கொடி கம்பைத் தாண்டியது. பன்றி வந்து பீட்ரூட்டைக் கிளறிய இரவுகளை விட்டுவிட்டால் குறையில்லை. என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தங்கை இரு வீட்டுக்கும் நடுவில் புல்லை மிதித்து மிதித்து ஓர் ஒற்றையடிப் பாதையே உண்டாக்கினாள். இங்கே அம்மா, அங்கே அம்மே. இரண்டு சட்டியிலும் சோறு.

மூன்று ஆண்டுகள் முடிந்தன. நானா சொன்ன சொல் மறக்கவில்லை. தாமே பத்தனைக்கு ஏறி வந்தார். ஆனால் முகம் சரியில்லை.

"தம்பி, இப்ப காலம் மாறிப் போச்சு. இந்தியாவுல இருந்து வந்த வம்சத்துக்குப் பிரஜாவுரிமை இல்லேனு புதுச் சட்டம். பிரஜாவுரிமை இல்லாத ஆளுக்கு எழுதிக் குடுத்தா பொறகு கரச்சல்னு உறுதி எழுதுற நொத்தாரிசு சொல்றாரு. நீங்க மனுப் போடுங்க. அது கையில வந்த அன்னிக்கே நான் எழுதித் தாறேன்."

மனுவை நானாவே நிரப்பினார். இந்த நாட்டில் இடைவிடாமல் இருந்தோம் என்று தாளால் காட்ட வேண்டும். தோட்டத்தில் இருந்த ஆண்டுகளுக்குப் பற்றுச்சீட்டு இருந்தது. என்னைப் பள்ளியில் சேர்த்த நாள் முதல் பள்ளிப் பதிவு இருந்தது. நடுவில் ஓர் ஆண்டு வெறுமையாகக் கிடந்தது. புல்லைப் பிடுங்கிய ஆண்டு. உறைபனி தின்ற ஆண்டு. எங்கள் வாழ்வில் நாங்கள் மிக அதிகமாக உழைத்த அந்த ஆண்டில் நாங்கள் எங்கும் இல்லை.

"அந்த வருசம் நீங்க இந்தியாவுக்குப் போயிருக்கலாம்னு சொல்லுவானுகள். வேற தாள் ஒண்ணும் இல்லியா?" நானா தாடியைத் தடவினார். அப்போது தங்கை அவருடைய குடையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளையே சற்று நேரம் பார்த்தார். "இந்தப் புள்ள எப்பப் பொறந்த?"

வழி அதுதான். குழந்தை அந்த ஆண்டு, அந்தப் பத்தனையில், என் தாய்க்குப் பிறந்தது என்று அக்கா வந்து உண்மையைச் சொன்னால் போதும். பதிவைத் திருத்தலாம், வெறுமையான ஆண்டு நிரம்பிவிடும். தந்தை அன்றே அக்கா வீட்டுக்குப் போனார். அவள் நெடுநேரம் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாளாம். பிறகு, "அனே, அது நங்கி புள்ளதானே. நான் வந்து சொல்றன்" என்றாளாம்.

தாய் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏழு வயது நிறைவதற்குள் உரிமை கொண்டாடினால் குழந்தைக்கு ஆகாது என்ற பயம் அவளைத் தின்கிறது என்று நாங்கள் எண்ணினோம். தந்தை முதன்முறையாக அவளிடம் கெஞ்சினார். "ஒரே ஒரு வார்த்த புள்ள. எம் புள்ளன்னு ஒரு வார்த்த. மண்ணு நமக்காகிரும். இனி எவன் தப்புக்கும் எந்திரிக்க வேணாம்."

விசாரணை நாளன்று எல்லோரும் பஸ்ஸில் போனோம். அக்கா தங்கைக்குத் தன் கையால் தைத்த புதுக் கவுனைப் போட்டிருந்தாள். டவுனில் ஒரு நீண்ட மண்டபம். வெளியே விறாந்தையில் உட்கார வாங்குப் பலகைகள். தோட்டங்களிலிருந்து வந்த சனம் தகரப் பெட்டியும் துணி மூட்டையும் மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தது. ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தாள்கள்.

தந்தை கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் பதிகம் சொன்னார். தாய் கண்ணை மூடவில்லை. உள்ளே போய் வெளியே வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு முதியவர் வெளியே வந்து, பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லியும் நம்பவில்லையே என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். தாய் எழுந்து போய் அவளை நிறுத்தினாள்.

"என்னா சொன்னாங்க ஆயி?"

"இல்லேன்னுட்டாங்க. ஏதோ ரெண்டு மாசம் கணக்கு ஒதைக்குதாம்."

"புள்ளைக்கு?"

"புள்ளைக்கு மட்டும் தனியா என்னாக்கா இருக்கு? எங்களுக்கு இல்லேன்னா அதுக்கும் இல்லதான்."

தாய் திரும்பி வந்து அமர்ந்தாள். தங்கை அக்காவின் மடியில் உறங்கியிருந்தாள். தாய் அவளைத் தன் மடிக்கு மாற்றிக்கொள்ளக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். குரலில் கோபமில்லை, நாள் முழுவதும் இதையே கேட்டவரின் அலுப்பு இருந்தது.

"அப்ப, இந்தப் பிள்ளை அந்த வருசம் உங்களுக்குப் பிறந்தது எண்டு சொல்லுறீங்கள். பதிவிலை வேறை ஆக்களின்ரை பேர் கிடக்கு. பிள்ளை ஆற்றை?"

அக்கா எழுந்து கும்பிட்டாள். "மகே நெவெயி மஹத்தயா" என்றாள். என்னுடையது அன்று, ஐயா. பெற்றவள் இந்த நங்கிதான். கொடியை அறுத்தவள் நான். அவள் பயத்துக்காகப் பெயரை மட்டும் கொடுத்தோம். சிங்களத்தில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

அதிகாரி தாய் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கோ அம்மா. உங்கடை பிள்ளையோ?"

தந்தை அவளையே பார்த்தார். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன்.

"இல்லீங்கய்யா. அந்த அக்கா புள்ளைங்க."

"என்ன?"

"அவங்க எரக்கப்பட்டுச் சொல்றாங்க. தாளுல உள்ளதுதாங்க நெசம்."

"நங்கி!" என்று அக்கா கத்தினாள். "பொய் சொல்லாத நங்கி! ஒன் புள்ள!"

"ஒன் புள்ளதான் அக்கா."

"ஒன் புள்ள!"

தங்கை விழித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பிள்ளை என்ரை எண்டு சண்டை பிடிச்ச சனத்தைக் கண்டிருக்கிறன். உன்ரை எண்டு சண்டை பிடிக்கிறதை இண்டைக்குத்தான் காணுறன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் தாள் சொல்லுறதைத்தான் எழுதலாம், அம்மா. யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"யோசிச்சுத்தாங்க."

அவர் எழுதினார்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கிப் பத்தனைக்கு ஏறும்போது அக்கா தங்கையைத் தூக்கிக்கொண்டு முன்னே போய்விட்டாள். புல்லுக்கு நடுவில் தந்தை நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ஒரு டின்னு தவிட்டுக்கு மண்ண அழிச்சிட்டியே! மூணு வருசம்! இந்தக் கையப் பாரு. தவிட்டுக்கு அழிச்சிட்டியே, பாவி!"

தாய் அவர் நீட்டிய கையைப் பார்த்தாள்.

"தவிட்ட நான் நெனைக்கவே இல்லீங்க. அங்க இருந்த சனத்தப் பாத்தீங்கல்ல? எல்லார்கிட்டயும் தாளு இருந்துச்சு. வெளிய வந்த மொகத்துல ஒண்ணாவது சிரிச்சுச்சா? நான் எம் புள்ளன்னு சொல்லியிருந்தா நமக்குக் கெடச்சாலும் கெடச்சிருக்கும், இல்லாமலும் போயிருக்கும். அவ கையில இப்ப இருக்கிற இந்த நாட்டு உரிம நிச்சயம் போயிருக்கும். நம்ம நாலு பேருல ஒருத்திக்காவது நிக்க எடம் இருக்கட்டுமேங்க."

"பெத்தவளே இல்லேன்னு சொல்லிட்டு வந்திருக்கியேடி."

"சொன்னேன். சொல்லிட்டேன். இனி அதப்பத்திக் கேக்காதீங்க."

தந்தை கேட்கவில்லை. நான்தான் பல ஆண்டுகள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதைக் காதால் கேட்டும் நான் நம்பவில்லை. தவிட்டுப் பயத்தை மறைக்கச் சொன்ன சமாதானம் என்று எண்ணினேன். எனக்குத் தோட்டம் வேண்டும், வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். ஒரு சிறுமியின் கோபத்துக்கு வேறு கண் கிடையாது.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. நானா அதைப் படித்துச் சொல்லிவிட்டு, தம் தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். இருந்துவிட்டுப் போங்கள் தம்பி என்றுதான் சொன்னார். தந்தைக்கு மனமில்லை. எழுத்தில்லாத மண்ணில் இன்னொரு விதை போட அவர் கை எழவில்லை. பிரட்டுக்களத்தில் மூன்று விடியல்கள் நிறுத்தி வைத்து, நான்காம் நாள் கண்டாக்கையா எங்கள் பெயர்களைத் திரும்ப எழுதினார். இம்முறை என் பெயரும் சேர்ந்தது. களத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதற்காக அந்தச் சனத்தை நான் இன்றும் வாழ்த்துகிறேன்.

தங்கையை லயத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. விசாரணையில் எழுந்த குழப்பத்தால் கிராமத்து அதிகாரியான விதானை இரண்டு முறை பத்தனைக்கு வந்து, பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்துப் போனார். தாளும் வீடும் ஒத்துப்போக வேண்டும். முதலில் ஒரு மாதம் என்றாள் தாய். பிறகு மழை ஓயட்டும் என்றாள். அக்கா ஞாயிறுதோறும் தங்கையை அழைத்து வருவாள். போகும்போது குழந்தை அழும். பின்பு அழுவதை நிறுத்தியது. அது அழாமல் போன முதல் ஞாயிறு தாய் அடுப்பை மூட்டவே இல்லை.

ஏழு வயது நிறைந்தது. இரு வீட்டிலும் எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தங்கை சிங்களப் பள்ளிக்குப் போனாள். ஞாயிற்று வரவுகள் குறைந்து, பண்டிகைக்கு மட்டும் என்றாயின. தமிழ் அவள் நாவிலிருந்து எப்போது உதிர்ந்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. என் தாயை அவள் நெந்தா என்று கூப்பிட்டாள். அத்தை என்று பொருள்.

காலனை உதைத்த திருவடியை நான் இன்றும் அந்தியில் பாடுகிறேன். அந்தப் பிள்ளைக்காக இறைவன் இறங்கி வந்தான், சரி. பிள்ளையின் தாய் எங்கே நின்றாள் என்று எந்தப் பாடலிலும் நான் தேடிப் பார்த்ததில்லை. இப்போது தேடுகிறேன்.

பாதையோரத்து மலையில் நானும் தாயும் ஒரே நிரையில் கொழுந்து பறித்த காலம் ஒன்று இருந்தது. எனக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். பிற்பகல் பள்ளி விட்டு வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கீழ்ப்பாதையில் வருவார்கள். தாய் எப்படியோ நிரையை மாற்றி, அந்த நேரத்துக்குப் பாதையோரம் வந்து நிற்பாள். பேக்கரி வண்டிக்காரனிடம் கேட்டு ஒரே ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் கற்று வைத்திருந்தாள்.

"பத் கேவத?"

சோறு தின்றாயா என்பது அது. தங்கை சிரித்துக்கொண்டே "ஒவ், நெந்தே" என்று தலையாட்டிவிட்டுப் போவாள். தாய் அதைக் கேட்டுவிட்டு மீண்டும் மேலே ஏறுவாள். வாரம் முழுவதும் இவ்வளவே.

ஒருநாள் நல்ல மழை. கம்பளி நனைந்து, கூடை நிறைந்து, தாய் பாதையோரக் கல்லில் ஒரு கையை ஊன்றியபடி நின்றாள். தங்கை குடையோடு வந்தாள். வழக்கம்போல் தாய் கேட்டாள். வழக்கம்போல் அவள் தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. நின்று, குடையைச் சற்று உயர்த்தி, தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"நெந்தட்ட மஹன்சித?"

தாய்க்கு விளங்கவில்லை. விளங்கியவள் போல் சிரித்தாள். தங்கையும் சிரித்துவிட்டு, தோழிகள் கூப்பிட, ஓடினாள்.

தாய் அவசரமாக என் பக்கம் திரும்பினாள். "என்னாடி கேட்டுச்சு புள்ள?"

"அத்தைக்குக் களைப்பா இருக்கான்னு கேக்குறாம்மா."

பிள்ளைகள் வளைவைத் தாண்டிவிட்டார்கள். பாதையில் மழை மட்டுமே இருந்தது. தாய் கூடையின் கயிற்றை நெற்றியில் சரிசெய்து நிமிர்ந்து நின்று, அந்த வளைவைப் பார்த்துச் சொன்னாள்:

"இல்ல ஆயி. இல்ல."